தீனி கூடினால் யாருக்கு லாபம்?

ஒரு குளத்தில் மீன் குறைந்துகொண்டே வருகிறது. என்ன செய்யலாம் என்று யாரைக் கேட்டாலும், "மீனுக்குத் தீனி கிடைக்கிற மாதிரி செய்யுங்கள்" என்பதுதான் முதல் பதிலாக இருக்கும். தண்ணீரில் உரம் சேர்ந்தால் பாசி வளரும். பாசியைத் தின்னும் பூச்சி பெருகும். பூச்சியைத் தின்னும் மீனும் பெருகும். கேட்பதற்கு மிகவும் நியாயமான கணக்கு. முதலீடு கூடினால் வரவு கூடும் என்பதுதானே உலக வழக்கம்?

இந்தக் கணக்கு தலைகீழாகவும் போகலாம் என்று 1971ஆம் ஆண்டு ஓர் அமெரிக்கச் சூழலியலாளர் மூன்றே பக்கக் கட்டுரையில் எழுதினார். இரைக்குத் தீனியைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்துக்கு மேல் இரையும் அதைத் தின்னும் கொன்றுண்ணியும் சேர்ந்தே அழிந்துபோகக்கூடும் என்றார் அவர். "வளமூட்டலின் முரண்" என்று அறிவியல் உலகம் இன்றும் பேசும் விஷயம் இதுதான். சுவாரசியம் என்னவென்றால், இந்த முடிவை நோக்கிய பயணம் ஆய்வுக்கூடத்தில் தொடங்கவில்லை. மீன் சந்தையின் கணக்குப் புத்தகத்தில் தொடங்கியது.

மீன் சந்தையின் பேரேடு

முதல் உலகப்போர் முடிந்த பிறகு, உம்பெர்டோ டான்கோனா என்ற இளம் இத்தாலிய விலங்கியலாளர், ஏட்ரியாட்டிக் கடலோரத்தில் உள்ள டிரியெஸ்ட், ஃபியூமே, வெனிஸ் ஆகிய ஊர்களின் மீன் சந்தைப் பதிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். (ஃபியூமேதான் இன்று குரோஷியாவில் உள்ள ரியேக்கா.) எந்த வகை மீன் எவ்வளவு விற்பனைக்கு வந்தது என்று வருடவாரியாக எழுதி வைத்த சாதாரண வியாபாரக் கணக்கு அது.

அந்தக் கணக்கில் ஒன்று அவர் கண்ணில் பட்டது. பிற மீன்களைப் பிடித்துத் தின்னும் சுறா, திருக்கை போன்றவற்றின் பங்கு, ஃபியூமே சந்தையில் 1914இல் 11.9 சதவீதம். 1915இல் 21.4 சதவீதம். 1918இல் 36.4 சதவீதம். போர் முடிந்து படகுகள் மறுபடியும் கடலுக்குப் போனதும் அது இறங்கிக்கொண்டே வந்து, 1923இல் 10.7 சதவீதத்துக்கு வந்துவிட்டது.

போர்க்காலத்தில் மீன்பிடிப்பு பெருமளவு குறைந்திருந்தது. அப்படியானால் எல்லா மீனும்தானே பெருகியிருக்க வேண்டும்? சுறாவுக்கு மட்டும் என்ன யோகம்?

டான்கோனா இந்தக் கேள்வியை விட்டோ வோல்ட்டெராவிடம் கொண்டுபோனார். வோல்ட்டெரா ரோம் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற கணித மேதை. டான்கோனாவுக்கு மாமனாரும் ஆனார். அறுபது வயதைத் தாண்டியிருந்த அவர், இரையின் எண்ணிக்கைக்கு ஒரு சமன்பாடு, கொன்றுண்ணியின் எண்ணிக்கைக்கு ஒரு சமன்பாடு என்று இரண்டே சமன்பாடுகளில் விஷயத்தை அடக்கி 1926இல் வெளியிட்டார். (பின்னாளில் 1931இல் முசோலினி அரசு பேராசிரியர்களிடம் விசுவாசப் பிரமாணம் கேட்டபோது மறுத்த மிகச் சிலரில் இவரும் ஒருவர்.)

அவர் சமன்பாடு சொன்ன பதில் இதுதான். மிதமாக மீன் பிடிக்கும்போது கொன்றுண்ணிகள் குறைகின்றன, இரை மீன்களின் சராசரி கூடுகிறது. பிடிப்பதை நிறுத்தினால் கொன்றுண்ணிகளின் சராசரி கூடி, இரையின் சராசரி குறைகிறது. அதாவது, இரைக்குக் கொடுத்த சலுகை இரையின் கையில் தங்காமல் சுறாவின் வயிற்றுக்குப் போய்விடுகிறது. பின்னால் வரப்போகும் முழுக்கதையின் விதை இங்கேயே இருக்கிறது.

இதே சமன்பாடுகளைக் கடலுக்கு அப்பால் இன்னொருவரும் தனியாகக் கண்டுபிடித்திருந்தார். அவர் பெயர் ஆல்ஃபிரட் லோட்கா. 1924 முதல் நியூயார்க்கில் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் புள்ளிவிவர வேலை பார்த்தவர். அதனால்தான் இவை "லோட்கா வோல்ட்டெரா சமன்பாடுகள்" என்று இருவர் பெயரையும் தாங்கி நிற்கின்றன.

கண்ணாடிக் குழாயில் ஒரு யுத்தம்

இந்தச் சமன்பாடுகளின்படி இரையும் கொன்றுண்ணியும் மாறி மாறி ஏறி இறங்கிக்கொண்டே காலாகாலத்துக்கும் வாழும். நிஜத்திலும் அப்படித்தான் நடக்குமா?

மாஸ்கோவில் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த கியோர்கி கௌஸே என்ற உயிரியலாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். கண்ணாடிக் குழாயில் பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரி. அதை விழுங்கும் டிடினியம் என்ற இன்னொரு ஒருசெல் உயிரி. இரண்டையும் சேர்த்து விட்டார். டிடினியம் பெருகிப் பாரமீசியம் மொத்தத்தையும் தின்று தீர்த்தது. பிறகு தின்ன ஒன்றும் இல்லாமல் அதுவும் செத்தது. குழாய் காலி! ஒளிந்துகொள்ள அடியில் வண்டல் போட்டுக் கொடுத்தால் டிடினியம் பட்டினியில் செத்து, பாரமீசியம் மட்டும் மிஞ்சியது. வெளியிலிருந்து அவ்வப்போது புது உயிரிகளைக் கொண்டுவந்து விட்டபோதுதான் ஏற்ற இறக்கம் தொடர்ந்தது. இவற்றை 1934இல் வெளியான தன் புத்தகத்தில் கௌஸே எழுதினார்.

அந்தக் குழாய்களில் பாரமீசியத்துக்குத் தீனிப் பஞ்சமே இல்லை என்பதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சமன்பாடுகளில் இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று, இரைக்கு உணவோ இடமோ தீர்ந்துபோகும் என்ற எண்ணமே அவற்றில் இல்லை. இரண்டு, கொன்றுண்ணிக்கு வயிறு நிறைவதே இல்லை. இந்த இரண்டாவது குறையைச் சரிசெய்தவர் கனடாவைச் சேர்ந்த ஹோலிங். 1959இல் அவர் செய்த சோதனை வேடிக்கையானது. மேஜைமேல் உப்புத்தாள் வட்டுகளைப் பரப்பி, கண்ணைக் கட்டிய உதவியாளரை விரலால் தடவித் தேடி ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னார். வட்டுகளைக் கூட்டக் கூட்ட, எடுத்த எண்ணிக்கையும் முதலில் கூடியது. ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் கூடவில்லை. ஏன்? தேடும் நேரம் குறைந்தாலும், எடுத்து ஓரமாக வைக்கும் நேரம் குறையாது. நரி முயலைப் பிடிப்பதும் அப்படித்தான். பிடித்ததைத் தின்று செரிக்க நேரம் வேண்டும். ஊரெல்லாம் முயலாக இருந்தாலும் ஒரு நரி ஒரு நாளைக்குத் தின்பதற்கு ஓர் எல்லை உண்டு.

மூன்று பக்கத்தில் ஓர் எச்சரிக்கை

இந்த இரண்டு திருத்தங்களுக்கும் இடம் கொடுக்கும் வகையில் 1963இல் மைக்கேல் ரோசன்ஸ்வைக்கும் ராபர்ட் மக்ஆர்தரும் இரை, கொன்றுண்ணி உறவை ஒரு வரைபடமாகப் போட்டுக் காட்டினார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து, 1971 ஜனவரியில், ரோசன்ஸ்வைக் ஒரு கேள்வி கேட்டார். இரையின் உணவை மட்டும் கூட்டினால் என்ன ஆகும்?

ஒன்றல்ல, ஆறு விதமான மாதிரிச் சமன்பாடுகளை எடுத்துப் பார்த்தார். ஆறும் ஒரே பதிலைச் சொல்லின. சத்து கூடக் கூட, சமநிலை குலைகிறது. இரையைப் பெருக்க வேண்டும் என்று செய்யும் காரியமே இரையை அழித்துவிடலாம். ஆகவே உணவு விளைச்சலைக் கூட்டுவதற்காக இயற்கையை வளமூட்டப் புறப்படும் மனிதன் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று அவர் எச்சரித்தார்.

அந்தக் காலத்தில் இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. சோப்புத்தூள் பாஸ்பேட்டும் சாக்கடையும் வயல் உரமும் கலந்து ஏரிகள் பச்சையாகிக்கொண்டிருந்த நேரம். ஏரி என்ற ஏரியே செத்துவிட்டதாக அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. (அந்தப் பேரேரியின் பெயரே "ஏரி"தான்!) இன்னொரு பக்கம், பெருகும் மக்கள்தொகைக்குச் சோறு போட ரசாயன உரமே வழி என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தது.

கணக்கு எப்படித் தலைகீழாகிறது?

சமன்பாடு இல்லாமலே இதைப் புரிந்துகொள்ளலாம். ஒரு மலைச்சரிவு. புல், முயல், நரி. ஒரு பேச்சுக்கு, சரிவில் 100 முயல் இருந்தால் நரிகளின் பிறப்பும் இறப்பும் சரிக்குச் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100க்கு மேல் போனால் நரி பெருகும். 100க்குக் கீழே போனால் நரி குறையும்.

இப்போது புல்லுக்கு உரம் போடுகிறார்கள். முயல் 120 ஆகிறது. உடனே நரி பெருகத் தொடங்குகிறது. எதுவரை பெருகும்? முயல் திரும்பவும் 100 ஆகும்வரை. கடைசியில் கணக்குப் பார்த்தால் முயல் அதே 100. நரி மட்டும் கூடியிருக்கிறது. செலவு செய்தது முயலுக்காக, வரவு விழுந்ததோ நரியின் கணக்கில். முயலின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது புல் அல்ல, நரியின் தேவை.

இது முதல் படி. ஆபத்து இரண்டாம் படியில்தான் இருக்கிறது.

உரம் போடுவதற்கு முன் அந்தச் சரிவு மொத்தமாகவே 150 முயலைத்தான் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது முயல் 100ஐத் தாண்டினாலே புல் பற்றாக்குறை அதை இழுத்துப் பிடிக்கும். அதுதான் வண்டியின் பிரேக். உரம் போட்ட பிறகு சரிவு 1,000 முயலைத் தாங்குகிறது. இப்போது 100 முயலுக்குப் புல் ஒரு பொருட்டே அல்ல. பிரேக் போய்விட்டது.

கூடவே ஹோலிங் சொன்ன வயிற்றுக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. முயல் கொஞ்சம் பெருகியதும் நரிகளுக்கு வயிறு நிறைந்துவிடுகிறது. கூட்டம் பெரிதாகப் பெரிதாக, ஒவ்வொரு முயலும் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு குறைகிறது. முயல் மளமளவென்று பெருகுகிறது. நரிக்குட்டிகள் பிறந்து வளர்ந்து வேட்டைக்கு வருவதற்குள் முயல் கூட்டம் எங்கோ போய்விடுகிறது. பிறகு நரிப் பட்டாளம் இறங்கி எல்லாவற்றையும் தின்று தீர்க்கிறது. முயல் 100க்குத் திரும்பி நிற்பதில்லை. பத்துக்கும் ஐந்துக்கும் போகிறது. நரி பட்டினியில் சாகிறது. மிஞ்சிய ஐந்து முயலால் மறுபடியும் பெருக முடியும்தான். ஆனால் அந்த நேரம் பார்த்து ஒரு கடுங்குளிரோ நோயோ வந்தால் கதை முடிந்தது.

எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவைதான். ஆனால் ரோசன்ஸ்வைக் சொன்னதன் சாரம் இதுவே. பஞ்சத்தில் நிலையாக இருந்த உறவு, செழிப்பில் ஊசலாடத் தொடங்குகிறது.

ஏட்டில் சரி, நாட்டில்?

ஆய்வுக்கூடம் அவருக்குச் சாதகமாகவே பேசியது. 1973இல் லியோ லக்கின்பில் என்பவர் கௌஸேயின் அதே பழைய யுத்தத்தை மறுபடி நடத்தினார். தண்ணீரை மெத்தில் செல்லுலோஸ் போட்டுக் கெட்டியாக்கி இரண்டு உயிரிகளின் வேகத்தையும் குறைத்தார். அப்போது அவை சில சுற்றுகள் சேர்ந்து வாழ்ந்தன. கூடவே பாரமீசியத்தின் தீனியையும் பாதியாகக் குறைத்தபோது இன்னும் நீண்டகாலம் சேர்ந்து வாழ்ந்தன. ஆம், தீனியைக் குறைத்ததால்தான் பிழைத்தன!

2000ஆம் ஆண்டில் கிரெகர் ஃபுஸ்மானும் குழுவினரும் குளோரெல்லா என்ற பாசியையும் அதைத் தின்னும் ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரையும் தொடர்ந்து சத்துநீர் ஓடும் கலங்களில் வளர்த்தார்கள். சத்தும் அது வந்து சேரும் வேகமும் ஒரு வரம்புக்குள் இருந்தால் எண்ணிக்கை நிலையாக நின்றது. வரம்பைத் தாண்டியதும் ஊசலாட்டம் தொடங்கியது.

ஆனால் இயற்கை அவ்வளவு சுலபமாகத் தலையாட்டவில்லை. 1973இல் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் டேவிட் ஷிண்ட்லரின் குழு "226" என்ற எண் கொண்ட ஏரியின் நடுவில் திரை கட்டி இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்துப் போட்டார்கள். பாஸ்பரஸ் விழுந்த பாதி மட்டும் பச்சைப் பசேல் என்று ஆனது. மேலிருந்து எடுத்த அந்தப் புகைப்படம் உலகப் புகழ் பெற்றது.

இங்கே ஒரு சிக்கல். ஏரியில் பாசிதான் இரை. டாப்னியா போன்ற மிதவை உயிரிகள்தான் கொன்றுண்ணி. மலைச்சரிவுக் கணக்கின்படி, சத்து கூடினால் டாப்னியாதானே கூட வேண்டும்? பாசி ஏன் பெருகியது?

இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் உண்டு. ஏரியில் டாப்னியாவைத் தின்னும் மீனும் இருக்கிறது. மூன்று படிகள் இருந்தால் நடுப்படியை மேல்படி கட்டுப்படுத்தும். அடிப்படிக்குச் சுதந்திரம் கிடைக்கும். அடுத்தது, எல்லாப் பாசியும் தின்னத் தகுந்தது அல்ல. சத்து மிகும்போது டாப்னியாவால் எளிதில் தின்ன முடியாத நீலப்பச்சைப் பாசி பெருகி உரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்கிறது. அது ஒருவகையில் ஊசலாட்டத்தைத் தடுக்கும் பஞ்சு மாதிரி. ஆனால் அந்தப் பஞ்சுக்கும் விலை உண்டு. 2014 ஆகஸ்டில் ஏரி பேரேரியின் கரையில் உள்ள டொலீடோ நகரத்தில், நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு குடிநீரில் கலந்ததால் 4 லட்சம் பேருக்கு மேல் சில நாட்கள் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் தவித்தார்கள்.

மூன்றாவது விடை இன்னும் நுட்பமானது. எட்வர்ட் மெக்காலியும் வில்லியம் மர்டாக்கும் 1990இல், சத்து மிகுந்த நீரிலும் டாப்னியா, பாசி எண்ணிக்கை ரோசன்ஸ்வைக் சொன்னபடி பெரிதாக ஆடவில்லை என்று காட்டினார்கள். காரணத்தை மெக்காலி குழுவின் 1999ஆம் ஆண்டு ஆய்வு வெளிச்சம் போட்டது. கஷ்டகாலம் வந்தால் டாப்னியா உறங்கும் முட்டைகளை இடத் தொடங்கும். அந்த முட்டைகள் உடனே பொரிக்காது. அதனால் கூட்டம் கண்டபடி பெருகுவதும் தடைபடும். அதாவது சேமிப்புதான் பிரேக்! உறங்கும் முட்டையிடும் பெண் உயிரிகளை எடுத்துவிட்டு, சாதாரணமாகக் குஞ்சு பொரிப்பவற்றை அந்த இடத்தில் விட்டபோது, ரோசன்ஸ்வைக் சொன்ன பேரூசலாட்டம் சில தொட்டிகளில் தலைகாட்டியது.

ஆக, அவர் சொன்னது பொய்யல்ல. இயற்கை தன்னிடம் உள்ள பல பிரேக்குகளால் அதைத் தடுத்து வைத்திருக்கிறது. ஒன்றைப் பிடுங்கினால் உள்ளே இருப்பது வெளியே வருகிறது.

கருங்கடலில் நடந்தது

பல பிரேக்குகளை ஒரே நேரத்தில் பிடுங்கினால்? 1970களிலிருந்து டான்யூப் நதி பல நாடுகளின் வயல் உரத்தையும் கழிவுநீரையும் சுமந்துவந்து கருங்கடலில் கொட்டியது. கடல் "செழித்தது". அதே காலத்தில் பெரிய மீன்கள் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டன. பெருகிய மிதவை உயிரிகளைத் தின்று ஜெல்லிமீன்கள் பெருகின. 1982இல், கப்பல்களின் அடித்தொட்டி நீரில் வந்ததாகக் கருதப்படும் நெமியோப்சிஸ் என்ற சீப்பு ஜெல்லி அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. அது அமெரிக்கக் கடலோரத்தைச் சேர்ந்தது. கருங்கடலில் அதைத் தின்ன ஆள் இல்லை. மீன் தின்னும் மிதவை உயிரிகளையும், மீனின் முட்டையையும் குஞ்சையும்கூட அது தின்றது. 1980களின் கடைசியில் அது கடல் முழுக்கப் பெருகியபோது, நெத்திலி இன மீன்பிடிப்பு பெரும் சரிவைக் கண்டது. துருக்கி முதல் சோவியத் கரை வரை மீனவர்களின் பிழைப்பு ஆட்டம் கண்டது.

உரம் மட்டும் காரணம் என்று இங்கே யாரும் சொல்ல முடியாது. மிதமிஞ்சிய மீன்பிடிப்பும் வந்தேறி ஜெல்லியும் சேர்ந்தே இந்தக் கதையை எழுதின. ஆனால் கொட்டிய சத்தின் லாபம் யாருக்குப் போனது என்று பார்த்தால் விடை தெளிவு. மீனுக்கும் இல்லை, மீனவனுக்கும் இல்லை. மீட்சியும் வேடிக்கையாகவே வந்தது. 1990களில் கிழக்கு ஐரோப்பியப் பொருளாதாரங்கள் சரிந்து உரப் பயன்பாடு குறைந்தது. 1997இல் நெமியோப்சிஸையே தின்னும் பெரோயே என்ற இன்னொரு சீப்பு ஜெல்லி வந்து சேர்ந்தது. கடல் ஓரளவு மூச்சுவிட்டது.

உரமே கூடாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. கெண்டை வளர்க்கும் குளங்களில் சாணமும் உரமும் போடுவது பழைய வழக்கம்தான். அங்கே நீரின் நிறத்தைப் பார்த்து உரத்தை நிறுத்தவும், வளர்ந்த மீனைப் பிடித்து எடுக்கவும் கரையில் ஆள் இருக்கிறார். அவர்தான் அந்தக் குளத்தின் பிரேக். கடலுக்கும் ஏரிக்கும் அப்படி ஒரு ஆள் கிடையாது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது எல்லோருக்கும் தெரிந்த பழமொழி. ரோசன்ஸ்வைக்கின் மூன்று பக்கம் அதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறது. அமிர்தத்தை ஒருவருக்கு என்று ஊற்றினாலும் அது அவர் வாயில்தான் விழும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஃபியூமே சந்தையின் பேரேட்டில் 11.9 என்ற எண் 36.4 ஆனபோதே அந்தச் செய்தி எழுதப்பட்டுவிட்டது. அதைப் படித்துப் புரிந்துகொள்ளத்தான் மனிதனுக்கு இத்தனை வருடங்கள் ஆயின.